தலையசைப்பு

சாத்தூர்
9.8.2024

மதிப்பிற்குரிய சொர்ணலட்சுமி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வியாழக்கிழமை விருதுநகரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து, என் இரண்டாமாண்டு வேதியியல் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அதைப் பற்றிய உங்கள் குறிப்பு நேற்று கிடைத்தது.

பலகையில் எழுத்து தெளிவாக இருக்கிறது, பாடம் வரிசையாகப் போகிறது என்று இரண்டு வரி. அதன் பிறகு இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மாணவர்கள் கேள்வி கேட்கும்போது ஆசிரியர் தலையை அசைத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறார். மூன்று முறை இப்படி நடந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை."

நீங்கள் வரலாற்றுத் துறை. அரசு சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியர். நம் அறக்கட்டளையின் இரண்டு கல்லூரிகளுக்கும் சேர்த்துக் கற்பித்தல் மேம்பாட்டு மையம் என்று ஒன்றைத் தொடங்கி உங்களைப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். நல்லது. நான் ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு மே மாதமும் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று செயலர் அறையில் பேசுவார்கள். அந்தப் பேச்சின்போது இந்த மூன்று வரி அந்த மேசையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

துறையிலேயே என் பாடத்தில்தான் தேர்ச்சி அதிகம். என் பிள்ளைகள் பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். நானும் அந்த வீட்டிலிருந்து வந்தவள்தான். எப்படி நடத்தினால் அவர்களுக்கு ஏறும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் குறிப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வேல்விழி


விருதுநகர்
16.8.2024

அன்புள்ள வேல்விழி,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். இடையில் போனில் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. கோபத்தில் இருப்பவரைத் திரும்பத் திரும்ப அழைப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

முதலில் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். நான் எழுதும் குறிப்பு அந்த ஆசிரியரைத் தவிர வேறு யார் கைக்கும் போகாது. மையம் தொடங்கும்போது செயலர் சீனிவாசகம் சாரிடம் இதைச் சொல்லித்தான் பொறுப்பேற்றேன். "ஒளிவு மறைவா என்னம்மா செய்யப் போறீக?" என்று கேட்டார். "ஆசிரியர் பயப்படாம இருக்கணும் சார், அப்பத்தான் திருத்திக்கிடுவாங்க" என்றேன். சரி என்றார். இன்றுவரை எதையும் கேட்டதில்லை.

என் வீட்டாருக்குச் சிவகாசியில் அச்சகம் உண்டு. காலண்டர் ஓடும்போது ஒரு ஷீட்டை எடுத்து இரண்டு பேர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். நிறம் விலகியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மிஷினை நிறுத்திச் சரிசெய்வார்கள். நான் கல்லூரிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர்கூட என் வகுப்பில் வந்து உட்கார்ந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடத்துகிறோம். தவறினாலும் தனியாகத்தான் தவறுகிறோம். இந்தப் பொறுப்பை நான் ஏற்றதற்குக் காரணம் அதுதான்.

நான் கண்டதை எழுதினேன், அதில் பொய் இல்லை. இரண்டாவது பெஞ்சில் நீளச் சடை போட்ட பெண், சினேகா என்று பெயராம், இரண்டு முறை கேட்டாள். நல்ல கேள்வி என்று வேதியியல் தெரியாத எனக்கே தோன்றியது. நீங்கள் சிரித்துத் தலையாட்டினீர்கள். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். அந்த முகம்தான் என்னை எழுத வைத்தது.

இன்னொரு முறை வர அனுமதி தாருங்கள்.

அன்புடன்,
சொர்ணலட்சுமி


சாத்தூர்
2.9.2024

மேடம்,

போனில் அழைக்க வேண்டாம். எடுக்க மாட்டேன். வாட்ஸப்பும் வேண்டாம். அதில் எழுதுவது யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது இருந்தால் தபாலில் எழுதுங்கள்.

என் வகுப்புக்கு வர வேண்டாம்.

வேல்விழி


விருதுநகர்
21.9.2024

அன்புள்ள வேல்விழி,

வகுப்புக்கு வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. ஆனால் வியாழனன்று தமிழ்த் துறைக்காக உங்கள் கல்லூரிக்கு வந்தபோது வராந்தாவில் உங்கள் பின்னால் நடந்து வந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும், சத்தமாகவே, கூப்பிட்டேன். நீங்கள் நடந்துகொண்டே இருந்தீர்கள். உங்கள் ஆய்வக உதவியாளர் பாண்டி எதிரே வந்தவர், உங்கள் முன்னால் நின்று, பின்னால் பாருங்கள் என்று கையைக் காட்டினார். தினமும் செய்கிற வேலையைப் போலச் செய்தார்.

பிறகு ஆசிரியர் அறையில் நான் பேசியபோது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு, "என் மேல இன்னும் கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தபடி தலையை ஆட்டினீர்கள்.

அப்படிச் சோதித்தது தவறு. மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் சரியாக இல்லை. நான் உங்களைப் பிள்ளைகளை மதிக்காத ஆசிரியர் என்று நினைத்து எழுதிவிட்டேன். அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

நான் ஊகித்தது தவறு என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சரியென்றால் எழுதுங்கள். நான் யாரிடமும் பேசவில்லை.

சொர்ணலட்சுமி


சாத்தூர்
2.10.2024

மேடம்,

வாயை மறைத்துக்கொண்டு கேட்டது நல்ல காரியமில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன வருடம் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று என் அண்ணி ராக்காயியைக் கூப்பிட நாரணாபுரம் போனேன். அவள் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து கையை அசைத்து, "செத்த இரு வேலு, கை கழுவிட்டு வந்துருதேன்" என்றாள். அவள் கை கழுவப் போன பக்கம்தான் வெடித்தது. நான் முழுசாகக் காதில் வாங்கிய கடைசிப் பேச்சு அதுதான்.

எனக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் சாவு கிடக்கும்போது காது இரைகிறது என்று யாரிடம் சொல்வது? காரியமெல்லாம் முடிந்து மதுரையில் போய்க் காட்டினேன். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் ஆண் குரல் பக்கத்திலிருந்தால் கேட்கும். பிள்ளைகளின் குரல், அதுவும் பெண் பிள்ளைகளின் மெல்லிய குரல், கேட்காது. விசிறி ஓடினால் எதுவும் இல்லை. கருவி வைக்கச் சொன்னார்கள். வைத்தால் தெரிந்துவிடும்.

என் கணவருக்குத் தெரியும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. வீட்டில் எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காருவார். பாண்டிக்குத் தெரியும், அவராகக் கண்டுபிடித்தார். இப்போது உங்களுக்கு.

பாடம் நடத்துவதற்குக் காது வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய் போதும், கை போதும். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் பெரும்பாலும் "சரிதானே மேடம்" என்பதாக இருக்கும். தலையாட்டினால் போதும். அப்படியே பழகிவிட்டது.

செயலருக்குத் தெரிந்தால் மே மாதம் வரை காத்திருக்க மாட்டார். நான் இந்த வேலைக்கு வருவதற்காக என் வீட்டில் எத்தனை பேர் தீப்பெட்டி ஒட்டினார்கள் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. அதை மட்டும் எழுத்தில் தாருங்கள்.

வேல்விழி


விருதுநகர்
9.10.2024

அன்புள்ள வேல்விழி,

சொல்ல மாட்டேன். எழுத்தில் கேட்டீர்கள், எழுதியிருக்கிறேன்.

உங்கள் அண்ணியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு நானும் கோயிலில்தான் இருந்தேன். கூட்டத்தில் யாரோ நாரணாபுரத்தில் வெடித்துவிட்டது என்றார்கள். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்தேன்.

இனி வேலையைப் பேசுவோம். காது கேட்காத ஆசிரியருக்கு வகுப்பை எப்படி அமைப்பது என்று நான் படித்ததில்லை. இருந்தாலும் மூன்று விஷயம் தோன்றுகிறது. கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் நடத்தியதும் நிறுத்தி, புரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பேசும்போது நீங்கள் நடுவில் போய் முகங்களைப் பாருங்கள். எவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரியும். பலகை முன்னாலேயே நிற்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆய்வகத்தில் தனியாக நிற்காதீர்கள். இன்னொரு ஆசிரியரை உடன் போடச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் அதிகம் என்று சொன்னால் போதும். வகுப்பில் ஒரு கேள்வி தவறினால் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். அங்கே அப்படி இல்லை.

அன்புடன்,
சொர்ணலட்சுமி


சாத்தூர்
12.12.2024

அன்புள்ள அக்கா,

மேடம் என்று எழுதி அடித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளி முடிந்து, சீசன் வேலைக்குப் போன பிள்ளைகளெல்லாம் வகுப்புக்குத் திரும்பியதும் துண்டுத் தாள் முறையைத் தொடங்கினேன். முதல் நாள் ஒரே ஒரு தாள். "நீங்க எழுதுறதை எழுதிக்கிடுறோம், புரியல" என்று இருந்தது. பெயர் இல்லை. தேர்ச்சி அதிகம் என்று உங்களுக்கு எழுதினேனே, அது ஞாபகம் வந்து முகம் சுட்டது.

இரண்டாவது வாரம் தாள்கள் குவிந்தன. சினேகாவின் தாளை அப்படியே எழுதுகிறேன். "மழை வந்தா எங்க அம்மாவை மருந்து ரூம்ல இருந்து வெளிய அனுப்பிருவாக. வெயிலுக்குப் பயப்படுறது புரியுது. மழைக்கு ஏன் மேடம்?"

எங்கள் பக்கம் பட்டாசுக் கலவையை மருந்து என்றுதான் சொல்வோம். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று பதினோரு வருடமாக நடத்துகிறேன். அந்த ரூமுக்குள் என் அண்ணியே இருந்திருக்கிறாள். நான் ஒருநாளும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசியதில்லை. அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு அலுமினியப் பொடியைப் பற்றிப் பேசினோம். ஈரம் பட்டால் மெல்ல மெல்லச் சூடேறும், கலவைக்குள்ளேயே சூடு தங்கும், பிறகு தானாகவே பற்றும் என்பதைச் சமன்பாடாக மாரிக்கண்ணன் என்ற பையன் பலகையில் எழுதினான். நான் பிள்ளைகள் நடுவில் நின்றேன். ஒருவருக்கொருவர் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு எவ்வளவு சத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். திட்ட வந்தவர், கதவில் சாய்ந்து கடைசிவரை நின்றார்.

ஆய்வக விஷயம் இன்னும் கேட்கவில்லை. இப்போதுதான் எல்லாம் நன்றாகப் போகிறது. இந்த நேரத்தில் துணை கேட்டால் ஏன் என்பார்கள். பொங்கல் கழியட்டும்.

அன்புடன்,
வேல்விழி


விருதுநகர்
20.12.2024

அன்புள்ள வேல்விழி,

உங்கள் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மழைக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் எங்கள் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். பேச்சு நின்று எல்லோரும் கேட்டார்கள். இந்த மையத்தால் ஏதாவது உருப்படியாக நடந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் இனி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆய்வகம் பற்றி இந்த முறை நான் வற்புறுத்தவில்லை. பொங்கல் என்றீர்கள், பொங்கலாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


சாத்தூர்
3.2.2025

அக்கா,

செய்தி உங்களுக்கு வந்திருக்கும். நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம், நான் துணை கேட்காமலே, எஸ்டர் என்ற சேர்மம் தயாரிக்கும் சோதனை. குழாயில் ஆல்கஹால் இருக்கும். அதனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும், நேரடியாகத் தீயில் காட்டக் கூடாது. தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். சினேகாவின் பஸ் அன்று தாமதம். அவள் வந்தபோது நான் சொல்லி முடித்திருந்தேன். புகை போக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என் அருகே வந்து குழாயைக் காட்டி ஏதோ கேட்டாள். ஆய்வகத்தில் துண்டுத் தாள் கிடையாது. அவள் குனிந்து குழாயைப் பார்த்தபடி கேட்டதால் வாய் எனக்குத் தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

"வெந்நீர்ல வைக்க இடமில்ல மேடம், நேரா காட்டலாமா?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற மாரிக்கண்ணன் பிறகு சொன்னான்.

குழாய் தீப்பிடித்து அவள் கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. வேறொரு மேசைக்குத் திரும்பி நின்றேன். பாண்டி என்னைத் தள்ளிக்கொண்டு ஓடியபோதுதான் திரும்பினேன். அவர்தான் எரிவாயுவை மூடி, ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அமர்த்தினார். வலது கை, மணிக்கட்டுக்கு மேலே வரை வெந்துவிட்டது. மதுரையில் சேர்த்திருந்தார்கள், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். விரல்கள் மடங்கும் என்கிறார்கள், காலம் ஆகும்.

நேற்று நாரணாபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வேலுத்தாய் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினார். நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. தலையாட்டத் தோன்றியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சினேகாவிடம், "அம்மா என்ன சொல்றாக? எனக்குக் காது கேக்காதும்மா" என்றேன்.

 அவள் முகத்தை எனக்கு நேராக வைத்து, மெதுவாகச் சொன்னாள்: "கம்பெனியில கை வேகக் கூடாதுன்னுதான் ஒன்னையக் காலேஜுக்கு அனுப்புனேன், அங்கன போயும் வெந்துருச்சான்னு கேக்காக மேடம்."

நாளை கல்லூரி முதல்வரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீங்கள் கொடுத்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன். உங்களுக்கு முன்பே தெரியும் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

வேல்விழி


விருதுநகர்
10.2.2025

அன்புள்ள வேல்விழி,

நீங்கள் சொல்ல மாட்டேன் என்றதை நான் சொல்லிவிட்டேன். ஐந்தாம் தேதி செயலர் அறைக்குப் போய், அக்டோபரிலிருந்தே எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நாலு மாசம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆய்வகத்துல மட்டும் வேற ஆளைப் போட்டிருப்பேன். அந்த டீச்சரை அனுப்பியா இருப்பேன்?" என்றார். அனுப்பியிருப்பீர்கள் என்று என் வாய்வரை வந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது, வேல்விழி. நாம் இருவரும் அதைக் கேட்டுப் பார்க்கவே இல்லை.

பிறகு, "இனிமே நீங்க எழுதுற குறிப்பெல்லாம் நேரா எங்கிட்ட வரணும்" என்றார்.

"வந்தா யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க சார்."

"ஒங்களுக்குக் கதவைத் திறந்தாக, பாத்தீக, தெரிஞ்சுக்கிட்டீக. அந்தப் பிள்ளை கை மிஞ்சுச்சா? அவுக அம்மா வந்து நின்னா நான் என்னம்மா சொல்ல?"

  குறிப்புகளைத் தர முடியாது என்று மட்டும் சொன்னேன். மையப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவர் குறிப்பையும் அவரவருக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வாக்கைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட எனக்கு வழியில்லை. நீங்கள் கேட்டது உங்கள் வேலைக்கான வாக்கு. நான் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். டிசம்பரில் உங்கள் கடிதம் கொடுத்த சந்தோஷத்தில் ஆய்வகத்தைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்கு என்ன முடிவு செய்தார்கள்? எழுதுங்கள்.

சொர்ணலட்சுமி


சாத்தூர்
14.4.2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

விசாரணை முடிந்தது. ஆய்வகம் இனி எனக்கு இல்லை. வகுப்புப் பாடம் மட்டும் இன்னொரு வருடம் தருகிறார்கள். செயலர் என்னை அழைத்து, எதிரில் உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கருவி வாங்கிக்கிடுங்க. மறைக்காதீக. அடுத்த வருஷம் என்னன்னு அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அவ்வளவுதான். எதிர்பார்த்ததைவிட இது அதிகம். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிடவும் அதிகமோ என்று சில நாள் தோன்றுகிறது.

கருவி வைத்திருக்கிறேன். எல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. நாற்காலி இழுத்தால் மண்டைக்குள் இழுக்கிறது. ஆனால் வருகிறது.

வேலை பற்றிய முடிவு தெரிவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, இரண்டாமாண்டு வகுப்பில் சொன்னேன். பாடம் எடுக்கவில்லை. "எனக்குக் காது கேட்காது. இரண்டு வருடமாகக் கேட்காது. நீங்கள் கேட்டது கேட்காமலே நான் தலையாட்டியிருக்கிறேன். சினேகாவுக்கும் அப்படித்தான் ஆட்டினேன்" என்றேன். யாரும் பேசவில்லை. பேசினார்களா என்றும் தெரியாது. சினேகாவின் இடம் காலியாக இருந்தது. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். மாரிக்கண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "உங்களுக்குக் காது கேக்காதுன்னு முன்னாடியே நெனச்சோம். நீங்க சொல்லாததால நாங்களும் சொல்லல." அவனைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் மையத்தின் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் துறையில் இப்போது ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காருகிறோம். அன்று பக்கத்து வகுப்பிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாரே, அவர்தான் தொடங்கினார். யாரும் எதையும் எழுதுவதில்லை. டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்கிறோம். என் வகுப்பில் உட்காருகிறவர், நான் கவனிக்காமல் விட்ட பிள்ளை யார் என்று கையைக் காட்டிவிடுவார். ஆய்வகத்துக்கு எப்போதும் இரண்டு பேர்.

சினேகா இன்னும் வரவில்லை.

வேல்விழி


விருதுநகர்
19.5.2025

அன்புள்ள வேல்விழி,

ஒரு செய்தியை நான் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்ததெல்லாம் போதும், சொல்லிவிடுகிறேன். சினேகா மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேறொரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு சேர்கிறாளாம். இரண்டு வருடம் வேதியியல் படித்தது வீணாகப் போகிறதே என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். "கணக்கு எழுதுற எடத்துல தீ இருக்காதுல்ல" என்று வேலுத்தாய் சொன்னாராம்.

நானும் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். நான் யார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? குறிப்பு எழுதியவள் என்றா?

இந்த ஜூனிலிருந்து எனக்கு முதலாண்டு வகுப்புகள் அதிகம். வரலாறு வேண்டாம் என்று வருகிற பிள்ளைகள். இந்தப் பருவம் என் வகுப்பிலும் நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளைப் பேச விட்டேன், அவர்களையும் விடுவேன். நான் பேசுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
அக்கா


சாத்தூர்
22.6.2025

அன்புள்ள அக்கா,

நேற்று சாத்தூர் பஸ் நிலையத்தில் சினேகாவைப் பார்த்தேன்.

நான் கவனிக்கவில்லை. அவள்தான் வந்தாள். பின்னாலிருந்து கூப்பிடாமல், சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "நல்லா இருக்கீகளா மேடம்?" என்றாள். வலது கையில் தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாளாம். இப்போது வலது கையிலும் பேனா பிடிக்க வருகிறதாம்.

புதுக் கல்லூரி எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். வேதியியல் வேண்டாம் என்று நீயே முடிவு செய்தாயா என்று கேட்டேன். "அம்மா சம்மதிக்கல" என்றாள். பிறகு, "எனக்கும் அந்த லேப் ரூமுக்குள்ள வர்றதுக்குக் கால் வரல" என்றாள்.

மன்னித்துவிடு என்று நான் அவள் வீட்டிலேயே சொல்லியிருந்தேன். பஸ் நிலையத்தில் மறுபடியும் சொன்னால் அது எனக்காகச் சொல்வதாக ஆகிவிடும் என்று பேசாமல் நின்றேன். அவள் பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பினாள். சுற்றிலும் ஹாரன் சத்தம், கருவியில் ஒரே இரைச்சல். அவள் அது தெரிந்தவள் போல, நான் வாயைப் பார்த்துப் படிக்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அன்னைக்குக் கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம். திருப்பிக் கேட்டிருப்பேனே."

அதில் கோபம் இல்லை அக்கா. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 

நாளை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு. என்னைத் தெரியாத பிள்ளைகள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் எனக்குக் காது கேட்காது என்பதைச் சொல்லப் போகிறேன்.

வேல்விழி